பழைய பெட்டித் தோட்டா

'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோளில் உதை விழவில்லை, காது அடைக்கவில்லை, ஐம்பது தப்படி தள்ளி ஈரத் தேயிலைக் கழிவை அமுக்கி நிரப்பி ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்த மூன்று பலகைப் பெட்டிகளும் அப்படியே நின்றன. செல்வநேசன் ரைஃபிள் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது, குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், அறுபது வரை எண்ண வேண்டும், சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளும், போல்ட்டைத் திறக்கிற நேரம் பார்த்துப் பற்றிக்கொண்டால் முகம் இருக்காது. எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மணல் மூட்டையின் ஈரம் சட்டைக் கையில் ஏறியது. ஒரு தோட்டா வீணாய்ப் போச்சு என்ற எரிச்சல் தவிர அப்போது வேறொன்றும் அவருக்கு இல்லை. முதல் தோட்டா ஒழுங்காகத்தானே வெடித்தது, கல் குவாரி முழுக்க எதிரொலித்தது, முதல் பெட்டியைத் துளைத்து இரண்டாம் பெட்டியையும் துளைத்து மூன்றாவதில் பாதி வரைக்கும் போய் நின்றிருந்தது, தோண்டி எடுத்துப் பார்த்தபோது மூக்கு நசுங்கவேயில்லை. யானைக்கு அதுதான் வேண்டும். ஈய மூக்குத் தோட்டா மானுக்கும் பன்றிக்கும் சரி, யானை மண்டையெலும்பில் பட்டால் பூவாய் விரிந்து அங்கேயே நின்றுவிடும், முழு உலோக உறை போட்டதுதான் நேரே உள்ளே போகும். எட்டு, ஒன்பது. பனிக்கால் எஸ்டேட்டில் அவர் டீமேக்கர், இலை வாடுவதையும் தூள் நிறம் மாறுவதையும் மூக்கால் சொல்கிறவர், கை சுத்தமான வேட்டைக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. மொட்டைவாலன் என்று பெயர் வைத்திருந்த அந்த ஒற்றை யானையைச் சுட்டுக் கொல்ல கலெக்டர் உத்தரவு அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது. நாளைக் காலை போகிறார். அதற்கு முன்னால் ரைஃபிளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், கட்டை உடைந்து கோயமுத்தூரில் பித்தளைத் தகடு வைத்து இறுக்கி வந்திருக்கிறது, குழல் முனையிலுள்ள முன் குறி வளைந்து நிமிர்த்தப்பட்டிருக்கிறது, குறி எங்கே விழுகிறதென்று பார்க்காமல் காட்டுக்குள் எடுத்துப் போக முடியாது. பார்ப்பதற்குப் பழைய பெட்டித் தோட்டா போதும், புதுப் பெட்டி யானைக்கு இருக்கட்டும். பதினாலு, பதினைந்து. பின்னால் பாறை மேல் குந்தியிருந்த மயிலன் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. மயிலன் காடர் இனத்தவன், தடம் பார்ப்பதில் அந்த மலையில் அவனுக்கு நிகரில்லை, தேவையில்லாமல் வாய் திறக்காதவன். அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்.

"அய்யா, அன்னிக்குக் கேட்டது இந்தச் சத்தந்தான்."

எந்தச் சத்தம், எந்த அன்றைக்கு என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. பதினாறு என்பதற்குப் பிறகு என்ன எண் என்பது மறந்து போயிற்று. குவாரியின் அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு தவளை கத்திக்கொண்டிருந்தது, அதை இவ்வளவு நேரம் கேட்காமல் எப்படி இருந்தோம் என்று தோன்றியது. பதினாறு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, இதே ரைஃபிளோடு ஃபீல்டு ஆபீசர் திருமலைச்சாமி பதினோராம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போனான், மயிலனும் போனான், திரும்பி வந்தது மயிலன் மட்டும். மொட்டைவாலன் சோலைக்குள்ளிருந்து வந்தபோது மயிலன் ஒரு மரத்தில் ஏறிவிட்டான், அதை அவன் மறைக்கவில்லை, துப்பாக்கி வைத்திருப்பவர் நிற்பார் மற்றவர் ஏறுவார் என்பது வழக்கம்தான். மரத்தின் மேலிருந்து அவனுக்கு யானையின் முதுகு தெரிந்தது, திருமலைச்சாமி தெரியவில்லை, இடையில் மூங்கில். போலீஸ் விசாரணையில் என்ன சத்தம் கேட்டது என்று கேட்டதற்கு அவன், வெடிச் சத்தம் கேட்கவில்லை, டக் டக்கென்று துப்பாக்கியை ஏதோ செய்துகொண்டிருந்தார் என்றான். ஏதோ செய்துகொண்டிருந்தார். அந்த வார்த்தையைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். புல்லில் இரண்டு முழுத் தோட்டா கிடந்தது, குழலுக்குள் ஏறியது ஒன்று, அடியிலுள்ள மேகசீனில் இன்னும் இரண்டு, கொண்டுபோன ஐந்தும் சுடப்படாமல் இருந்தன. மேனேஜர் பொன்னப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தபடி, பாவம், கை உறைந்து போயிருக்கிறது, விசையை இழுக்கத் தோன்றாமல் போல்ட்டை மட்டும் இழுத்து இழுத்து நல்ல தோட்டாவைக் கீழே கொட்டியிருக்கிறான், பெரிய மிருகத்தின் முன்னால் முதல் தடவை நிற்கிறவனுக்கு இப்படி ஆவது உண்டு என்று சொன்னார். ஆமாம் என்று தலையாட்டியது யார்? வேட்டை தெரிந்த ஒரே ஆள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தது யாரை? உண்டு சார், நானே பார்த்திருக்கிறேன் என்று அவர்தான் சொன்னார். எங்கே பார்த்தார்? எங்கேயும் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கு அப்படிச் சொல்ல வந்தது. அதற்குப் பிறகு தொழிலாளர் லயத்தில், கடையில், லாரியில், திருமலைச்சாமி தோட்டாவைக் கொட்டின கதை போன இடமெல்லாம் போயிற்று, ஆட்கள் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள், கையில் எதையாவது தவறவிட்டால் என்ன ஆபீசர் மாதிரி கொட்டுகிறாய் என்கிற அளவுக்கு. பதினாறு, பதினேழு. இல்லை, ஒரு தோட்டா வெடிக்காததை வைத்து என்ன சொல்ல முடியும், மழைக்காலம், பழைய சரக்கு, மயிலனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும், போல்ட் சத்தமும் விசையை இழுத்ததும் ஊசி அடிக்கிற சத்தமும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இருக்குமா? போல்ட் இழுபடும், ஊசி அடிப்பது சுருக்கென்று இருக்கும், நகத்தைப் பலகையில் சுண்டின மாதிரி. காட்டில் சருகு விழுவதை வைத்து என்ன மிருகம் என்று சொல்கிற காது மயிலனுடையது. முப்பதா, இருபதா, எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. அறுபதைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும் என்று தெரிந்தும் அவர் கை போல்ட்டுக்குப் போகவில்லை. திறந்தால் பார்க்க வேண்டியிருக்கும்.

திறந்தார். தோட்டா வெளியே குதித்து மணல் மூட்டை மேல் விழுந்து உருண்டது. எடுத்துத் திருப்பினார். இந்த ரைஃபிளின் ஊசி தோட்டாவின் அடியிலிருக்கிற கேப்பின் நடுவில் அடிக்காது, ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளித்தான் அடிக்கும், அது அவருக்குப் பல வருஷமாய்த் தெரியும், குற்றமில்லை, இதன் சுபாவம். வெடித்த வெற்றுக் கூடுகள் எல்லாவற்றிலும் அந்தப் பள்ளம் அதே இடத்தில் இருக்கும். இப்போது கையிலிருந்ததில் ஒரு பள்ளம் இருந்தது, பளபளவென்று, இப்போது அடித்தது. அதற்குப் பக்கத்தில், நடுவிலிருந்து அதே அளவு தள்ளி, இன்னொரு பள்ளம். மங்கலாக, விளிம்பில் பச்சை பூத்து, உள்ளே காய்ந்த மண். இரண்டு. ஒரே தோட்டா, ஒரே ஊசி, இரண்டு தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மறுபடியும் கழற்றித் துடைத்தார். பெட்டியில் மிச்சமிருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கம் மேலே தெரியக் கல்லில் நிறுத்தினார். மூன்றின் அடி வழவழவென்று இருந்தது. இரண்டில் பள்ளம் இருந்தது, நடுவை விட்டு, அதே மயிரிழை தள்ளி. கையில் ஒன்று, கல்லில் இரண்டு, மூன்று. புல்லில் இரண்டு, குழலுக்குள் ஒன்று, மூன்று. அவர் அதைத் திரும்பத் திரும்பக் கூட்டினார், வேறு விடை வருமோ என்பது போல. யானை வருகிறது, விசையை இழுக்கிறான், டக். போல்ட்டை இழுத்து அதைக் கீழே தள்ளி அடுத்ததை ஏற்றுகிறான். எண்ண நேரமில்லை, அறுபது ஏது. இழுக்கிறான், டக். மறுபடி ஏற்றுகிறான். கை உறைந்தவன் செய்கிற வேலையா இது? கை உறைந்தவன் மூன்றாவது தோட்டாவை முழுதாகக் குழலுக்குள் ஏற்றிப் போல்ட்டை மடக்கிப் பூட்டி மறுபடி குறிபார்த்து இழுப்பானா? மூங்கிலுக்கும் சோலைக்கும் நடுவில் முப்பது தப்படி, அதைக் கடக்க யானைக்கு என்ன நேரம் வேண்டும். அவ்வளவு நேரமும் அவன் நின்றிருக்கிறான். படியில்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி இருந்தது, இன்னும் தரை வரவில்லை. விசாரணை முடிந்து சப்-இன்ஸ்பெக்டர் ஐந்து தோட்டாவையும் ஒரு காக்கி உறையில் போட்டு, ஐந்து, சுடப்படாதவை, பெற்றுக்கொண்டேன் என்று அவரிடம்தான் கையெழுத்து வாங்கினார். சப்-இன்ஸ்பெக்டர் எண்ணினார், திருப்பிப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் நீர், செல்வநேசன், நீர் ஏன் திருப்பிப் பார்க்கவில்லை? அன்று மழை. அன்று அவசரம். உறையை அப்படியே பழைய பெட்டிக்குள் கவிழ்த்தேன். இல்லை, அதற்கு முன்னால், அந்தப் புல்லில், சேற்றோடு கிடந்த ரைஃபிளை எடுத்துப் போல்ட்டைத் திறந்து குழலுக்குள்ளிருந்ததை எடுத்தது நான்தானே, அதை வேட்டி முனையால் துடைத்தேனே, அடியை இந்தக் கட்டைவிரலால் தேய்த்தேனே. விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டதா? தட்டுப்படவில்லை என்றுதான் நினைவு. தட்டுப்பட்டிருந்தால் தெரிந்திருக்குமே. கட்டைவிரலை இப்போது கேப்பின் மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், பள்ளம் குளிர்ந்து, தெளிவாக, குண்டூசித் தலை போகிற அளவுக்கு இருந்தது, ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்குக்கூடத் தெரியும்.

தெரிந்ததா தெரியவில்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை, அதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது. உமக்குத் தெரியாமல் உமக்குள் ஒருவன் தெரிந்துவைத்திருக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது. இரண்டு பெட்டி இருந்தது. ஒன்று சென்னையிலிருந்து வரவழைத்த புதுப் பெட்டி, மெழுகுத்தாள்கூடப் பிரிக்காதது, அதில் ஐந்து. இன்னொன்று முந்தைய துரை ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது, எத்தனை வருஷமோ, அதில் எட்டு. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று அதை இலை காயவைக்கிற டிரையர் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தது அவர்தான். பகலெல்லாம் சூடு, அடுப்பு அணைந்ததும் மலைக் குளிர், சூடு, குளிர், இப்படி எத்தனை மழைக்காலம், கேப்புக்குள்ளிருக்கிற மருந்து செத்துப்போக அதைவிட வேறென்ன வேண்டும், தேயிலைத் தூளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லையே. முன்பு எப்போதோ அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சுட்டுப் பார்த்தார். வெடித்தது. ஒன்று வெடித்தது, ஆகவே எல்லாம் வெடிக்கும். எட்டு மூட்டை தூள் வந்தால் எட்டிலும் கை விட்டு எடுத்துச் சாயமிறக்கி வாயில் ஊற்றித் துப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனுஷன். அந்த வியாழக்கிழமை மேனேஜரோடு கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள், அவர் ஃபேக்டரியை விட்டு நகர முடியவில்லை. பதினோராம் நம்பரில் யானை நிற்கிறதென்று தகவல் வந்தபோது திருமலைச்சாமிதான் வந்து நின்றான், தலையில் தூறலோடு, நான் போய் எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன் அண்ணாச்சி, பெண்கள் அங்கே இலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், விலக்கி அனுப்ப வேண்டும் என்று. ரைஃபிளை எடுத்துக் கொடுத்தார். அலமாரியைத் திறந்தார். இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கை புதுப் பெட்டிக்குத்தான் முதலில் போயிற்று, அதை அவர் மறக்கவில்லை, போய்த் தொட்டுவிட்டு நின்றது. பார்க்கத்தானே போகிறான். மெழுகுத்தாளைப் பிரித்துவிட்டால் பிறகு ஈரம் ஏறும். நான் போகிற அன்றைக்கு எனக்கு வேண்டும். எனக்கு. பழைய பெட்டியிலிருந்து ஐந்தை எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைப் பார்த்துவிட்டு, இது வெடிக்கும் அல்லவா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவர் பையில் இப்போது ஏதாவது ஒன்று இருந்திருக்கும், ஒரு பதில், ஒரு பொய். அவன் சிரித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று.

"நீங்க எடுத்துக் குடுத்தா சரியாத்தான் இருக்குமுங்க அண்ணாச்சி."

மயிலன் கல்லில் நிறுத்தியிருந்த தோட்டாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சத்தத்தை எத்தனை தடவை கேட்டாய் என்று செல்வநேசன் கேட்டார். தன் குரல் வேறு எங்கிருந்தோ வந்ததாக அவருக்குப் பட்டது. மயிலன் மூன்று விரலைக் காட்டினான். நிச்சயமா என்றார். மூன்று, அதுக்கப்புறம் ஆனைச் சத்தந்தான் என்றான். அவன் முகத்தில் குற்றஞ்சாட்டுவது ஒன்றுமில்லை. வெடிக்காத தோட்டாவின் அடியில் பள்ளம் இருந்தால் என்ன அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியாது. பொன்னப்பாவுக்குத் தெரியும், ஆனால் பொன்னப்பா பார்க்கப் போவதில்லை. கீழே குவாரித் தண்ணீர் இருபதடி ஆழம், மூன்றையும் அதில் எறிந்தால் ஒரு தவளை கத்துவதை நிறுத்தும், திரும்பக் கத்தும். கை உண்மையிலேயே உயர்ந்தது. எறிவதற்காகவா, நெற்றி வேர்வையைத் துடைப்பதற்காகவா என்று அவருக்கே தெரியாமல் பாதியில் நின்றது. நாளை புதுப் பெட்டியோடு போய் யானையைச் சுட்டுவிட்டால் எல்லோரும் மாலை போடுவார்கள், திருமலைச்சாமிக்காகப் பழிவாங்கினார் என்பார்கள், அந்தக் கதை இந்தக் கதையை மூடிவிடும். அப்படி நினைத்தது தான்தான் என்று தெரிந்தபோது அவருக்கு வாய் முழுக்கக் கசந்தது, தூளை விழுங்கிவிட்ட மாதிரி. திருமலைச்சாமியின் மனைவி தெய்வானை கேட்டாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், வாசலில் நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில், ஏனுங்கண்ணா, அவரு பயந்துட்டாருங்களா என்று கேட்டாள். பயம் யாருக்கும் வரும் தங்கச்சி என்று இவர் பெருந்தன்மையாகச் சொன்னார். பெருந்தன்மையாக. அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் இலை நிறுக்கிற பக்கம் வருவதில்லை, கடைக்குப் போவதில்லை, ஆபீசர் வீட்டைக் காலி செய்து இன்று மதியம் லாரியில் உடுமலைக்குப் போகிறாள் என்று காலையில்தான் யாரோ சொன்னார்கள், நல்லது, அங்கே அண்ணன் தம்பி இருக்கிறார்கள் என்று இவரும் சொன்னார். மூன்று தோட்டாவையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரைஃபிளை மயிலனிடம் கொடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார். கால்கள் தாமாகவே போயின. என்ன சொல்லப் போகிறோம் என்று ஒரு வாக்கியம்கூடக் கூடிவரவில்லை, ஒவ்வொரு வாக்கியமும் 'நான்' என்கிற இடத்தில் முறிந்தது.

வாசலில் பாய்ச்சுருளும் இரண்டு டிரங்குப் பெட்டியும் கட்டி வைத்திருந்தது. தெய்வானை அம்மிக் குழவியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாங்கண்ணா, உக்கார ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் கட்டிட்டேனுங்க என்றாள். அவர் உட்காரவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து டிரங்குப் பெட்டி மேல் மூன்றையும் வைத்தார். சொன்னார். வரிசையாகச் சொல்லவில்லை, பின்னாலிருந்து சொன்னார், பள்ளத்தைச் சொன்னார், ஊசியைச் சொன்னார், மயிலன் கேட்டதைச் சொன்னார், சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அலமாரிக்கு வந்தார், அங்கே நின்றார், பிறகு அதையும் சொன்னார். புதுசு எனக்குன்னு வெச்சுக்கிட்டேன் தங்கச்சி. அவன் பயப்படல. மூணு தடவ சுட்டிருக்கான். நின்னு சுட்டிருக்கான். இதைச் சொன்னபோது அவருக்குள் எங்கோ ஒரு மூலையில், இது அவளுக்கு ஆறுதலாக இருக்கும், புருஷன் கோழையில்லை என்பதைக் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் முகத்தைப் பார்த்தபோது அது விழுந்து உடைந்தது. அவள் அழவில்லை. ஒரு தோட்டாவை எடுத்து, சரியாக எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், மிளகாயைக் காம்பில் பிடிப்பது போலப் பிடித்துப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"பயந்திருந்தா ஓடியிருப்பாருங்களே அண்ணா" என்றாள். "பக்கத்துலதான் மரம் இருந்துச்சுன்னு மயிலன் சொன்னான். பயந்திருந்தா ஏறியிருப்பாரு. அடுத்தது வெடிக்கும், அடுத்தது வெடிக்கும்னுதான நின்னாரு?"

இத்தனை நேரம் அவர் நினைத்துக்கொண்டிருந்தது தோட்டா வெடிக்கவில்லை என்பதை, அவன் நின்றான் என்பதை. ஏன் நின்றான் என்பது வரைக்கும் போகவில்லை. முதல் டக்குக்கே ரைஃபிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். இரண்டாவதுக்கு ஓடியிருக்கலாம். அவ்வளவு அருகில் வந்த பிறகும் மூன்றாவதை ஏற்றியது துணிச்சலா? துணிச்சலும் இருக்கும். ஆனால் கொடுத்த கையை அவன் கடைசி வரை சந்தேகப்படவில்லை. மூன்று தடவையும் இவரை நம்பித்தான் விசையை இழுத்திருக்கிறான். சாய்ந்துகொள்ளச் சுவரைத் தேடினார், சுவர் அவர் நினைத்ததைவிடத் தள்ளி இருந்தது. தெய்வானை மூன்றையும் மறுபடி கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டாள். லாரி எத்தனை மணிக்கு என்று கேட்டார், வேறெதுவும் கேட்கத் தோன்றாமல். ஒரு மணிக்கு என்றாள். இலை நிறுக்கிறது எத்தனை மணிக்குங்க என்று அவள் கேட்டாள். பன்னிரண்டு. வாங்க என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள், அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நிறுவைக் கொட்டகைக்கு முன்னால் எழுபது எண்பது பெண்கள் இலைச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள், தலையில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை கடிக்காமலிருக்கப் போட்ட சுண்ணாம்பு. தெய்வானையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் அங்கே வருகிறாள், வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், டீமேக்கரும் தெய்வானையும் சேர்ந்து இங்கே எதற்கு என்ற யோசனை அவர் புருவத்தில் தெரிந்தது. செல்வநேசன் எத்தனையோ வருஷமாக இந்தக் கூட்டத்தின் முன்னால் நின்றிருக்கிறார், இலை முற்றலாக இருக்கிறது, காம்பு நீளமாக இருக்கிறது என்று ஃபேக்டரி சத்தத்தையும் மீறிக் கத்தியிருக்கிறார், இப்போது முதல் வார்த்தையைத் தேடினார். எங்கிருந்து ஆரம்பிப்பது, ஊசியிலிருந்தா, அலமாரியிலிருந்தா, எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது, அதில் கண் மட்டும் நிறைய இருந்தது. வாய் திறந்தது. திருமலைச்சாமி தோட்டாவைக் கீழே கொட்டவில்லை, நான் கொடுத்தது கெட்டுப்போன தோட்டா, நல்லதை நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன் என்று அவர் சொன்னார். சொல்லி முடித்துவிட்டோம் என்று நினைத்தார். முன் வரிசையில் ஒருத்தி வாயில் கை வைத்தாள். பொன்னப்பா ஒரு காலை ஜீப்பில் வைத்தபடியே நின்றார். தராசு முள் ஆடிக்கொண்டிருந்தது. தெய்வானை கூட்டத்தின் கடைசி வரைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலீங்கண்ணா" என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க."